இடுப்பில் ஒரு கணினி: எந்த போர்டு, எந்த இயங்குதளம்?

அணியும் கணினி என்றால் பலருக்குக் கைக்கடிகாரம்தான் நினைவுக்கு வரும். இங்கே பேசப்போவது அதைவிடச் சற்றுப் பெரியது. இடுப்பு வாரிலோ தோள்பையிலோ ஒரு சிறு பெட்டி, கண்ணருகிலோ முன்கையிலோ ஒரு திரை, ஒரே கையால் அடிக்கக்கூடிய விசைப்பலகை. நின்றபடியும் நடந்தபடியும் குறிப்பெடுக்க, எடுத்த குறிப்பை அந்த நொடியே தேடிப் பார்க்க ஒரு கணினி. எம்ஐடியில் மாணவராக இருந்த தாட் ஸ்டார்னர் 1993 முதல் இப்படியொன்றை அன்றாடம் அணிந்து நடந்தார். 'பிரைவேட் ஐ' என்ற ஒற்றைக் கண் சிவப்புத் திரை, 'ட்விட்லர்' என்ற ஒற்றைக் கை விசைப்பலகை, பிசி/104 வகை போர்டுகள் (கணினிச் சுற்றுப் பலகைகள்) என்று அன்று கிடைத்ததை வைத்து அந்த வகைக் கணினிகள் உருவாயின. அவற்றைவிடப் பல மடங்கு வேகமான போர்டு (ராஸ்பெரி பை ஜீரோ 2 டபிள்யூ) 2021இல் 15 டாலர் விலையில் வெளியானது. ஆனாலும் புதிதாகச் செய்ய இறங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள்: போர்டை முதலில் வாங்கிவிடுகிறார்கள்.

போர்டு கடைசியில் வர வேண்டியது. எந்தத் திரை, எந்த உள்ளீடு, ஒரு சார்ஜில் எத்தனை மணி நேரம் என்ற மூன்றும் முடிவானால் வாட் கணக்கு கைக்கு வரும். அது வந்தால் இந்தக் கணினி இடையிடையே தூங்கியாக வேண்டுமா என்பது தெரியும். அங்கேயே இயங்குதளம் பாதி முடிவாகிவிடும். பிறகு போர்டில் தேர்ந்தெடுக்க அதிகம் மிச்சமிருக்காது.

திரை

மூன்று வகை உண்டு. யூஎஸ்பி-சி வழியே படம் வாங்கும் கண்ணாடித் திரைகள் (எக்ஸ்ரியல் ஏர் போன்றவை) 1080பி தெளிவு தரும்; உட்கார்ந்து வேலை செய்ய அருமை. ஆனால் இரண்டு கண்ணையும் மறைக்கும். சாலையில் நடக்கும்போது அணியக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. இவற்றுக்கு 'டிஸ்பிளேபோர்ட் ஆல்ட் மோட்' (அதே துளையில் படத்தையும் அனுப்பும் வசதி) உள்ள யூஎஸ்பி-சி துளை வேண்டும். ராஸ்பெரி பை 4, 5 இரண்டிலும் யூஎஸ்பி-சி துளை இருக்கிறதே என்று நம்பி வாங்கிவிடுகிறார்கள். அந்தத் துளையில் படம் வராது, மின்சாரம் வாங்கவே அது இருக்கிறது. மைக்ரோ எச்டிஎம்ஐயிலிருந்து யூஎஸ்பி-சிக்கு மாற்றும், தனி மின்சாரம் கேட்கும் ஓர் அடாப்டர் நடுவில் வந்தாக வேண்டும். பெட்டியில் இன்னொரு பொருள், இன்னொரு கேபிள், இன்னொரு சூடு.

இரண்டாவது, கடைகளில் எங்கும் கிடைக்கும் 128×64 புள்ளி ஓலெட். ஆங்கில எண்களுக்கும் நிலைக்குறிகளுக்கும் போதும். தமிழுக்குப் போதாது. 16 புள்ளி உயரத்தில் எழுதினால் நான்கு வரி, வரிக்கு ஏறக்குறைய எட்டு எழுத்து. 'ணை' போன்ற அகல எழுத்து வந்தால் அதுவும் குறையும். 'நினைவூட்டல்' என்ற ஒரே சொல்லில் வரி முடிந்துவிடும்.

மூன்றாவது, பலர் கவனிக்காமல் கடந்துபோவது: ஷார்ப் நிறுவனத்தின் மெமரி எல்சிடி. 2.7 அங்குலம், 400×240 புள்ளி, கறுப்பு வெள்ளை, பின்னொளி கிடையாது. 24 புள்ளி வரி உயரத்தில் பத்து வரி, வரிக்கு இருபது தமிழ் எழுத்துக்கு மேல். ஒளியைப் பிரதிபலிப்பதால் உச்சி வெயிலில் மற்ற திரைகள் மங்கும்போது இது இன்னும் தெளிவாகத் தெரியும். படம் மாறாமல் நிற்கும்போது மைக்ரோவாட் கணக்கில்தான் மின்சாரம் எடுக்கும். முன்கையில் கட்டிக்கொள்ள இதைவிடப் பொருத்தமானது இப்போது வேறில்லை. ஒன்றை மறக்கக் கூடாது: இதன் 'விகாம்' முனையின் துருவத்தை நொடிக்கு ஒரு முறையாவது மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நிரல் உறைந்தோ, செயலி தூங்கியோ அது நின்றுபோனால் படம் திரையில் தழும்பாகப் பதியத் தொடங்கும். இந்தத் துருவ மாற்றத்தைச் செயலி செய்யாமல் தனி டைமர் செய்யும்படி இணைப்பது நல்லது.

கை

குரல் உள்ளீட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இணையம் இல்லாமல் போர்டிலேயே ஓடும் சிறிய பேச்சு மாடல்களில் தமிழ் சரிவர வராது. பெரிய மாடல் இடுப்பில் தாங்காது.

ட்விட்லர் வகை விசைப்பலகைக்கு வருவோம். நான்கு விரல், விரலுக்கு மூன்று விசை. ஒரு விரல் எதையும் அழுத்தாமலும் இருக்கலாம் என்பதால் விரலுக்கு நான்கு நிலை. மொத்தம் 255 கூட்டழுத்தங்கள். அவற்றில் ஒற்றை விரல் அழுத்தம் 12, இரு விரல் அழுத்தம் 54. தமிழுக்கு உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, தேவைக்குச் சில கிரந்த எழுத்துகள். ஆக, மூன்று விரலைத் தொடாமலே முழுத் தமிழும் அடங்கிவிடுகிறது. 216 உயிர்மெய்யையும் தனித்தனி அழுத்தமாக வைக்க முயன்றால் நினைவில் நிற்காது; தமிழ்99 முறையின் தர்க்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மெய்யை இரு முறை அடித்தால் முதலாவதற்குத் தானே புள்ளி விழும். ந-வுக்குப் பின் த, ம-வுக்குப் பின் ப வந்தாலும் அப்படியே. ஒற்றைக் கையில் அடிக்கிறவருக்கு மிச்சமாகும் ஒவ்வோர் அழுத்தமும் பெரிது.

இங்கே ஒரு தொழில்நுட்பக் கண்ணி. விசைப்பலகை அனுப்புவது ஆங்கில விசைக் குறியீடுகளைத்தான். லினக்ஸின் எக்ஸ்கேபி விசை அமைப்புகளில் தமிழ் இருந்தாலும், முன்பு அடித்த எழுத்தைப் பார்த்துப் புள்ளி வைக்கும் வேலையை அது செய்யாது. ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள், அதனோடு எம்17என் தொகுப்பின் தமிழ்99 என்ற இணை வேண்டும். எனவே திரையில் வெறும் கன்சோல் (வரைகலை இல்லாத எழுத்துத் திரை) மட்டும் உள்ள அமைப்பு தமிழுக்கு உதவாது. கன்சோலுக்குத் தமிழைக் காட்டவும் தெரியாது.

வாட் கணக்கு

10,000 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்ட பவர் பேங்கின் உண்மையான கொள்ளளவு 3.7 வோல்ட்டில் 37 வாட் மணி. 5 வோல்ட்டுக்கு உயர்த்தும்போது 15 சதவீதம் வீணாகிறது என்று வைத்தால் கைக்கு வருவது 31. இந்த 31 என்ற எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு போர்டுகளைப் பாருங்கள்.

ராஸ்பெரி பை ஜீரோ 2 டபிள்யூ, மெமரி எல்சிடி, புளூடூத் விசைப்பலகை: சராசரி 1.3 வாட் என்றால் ஏறக்குறைய 24 மணி நேரம். அதே போர்டில் கண்ணாடித் திரையை மாட்டி அதற்கு 2 வாட் ஒதுக்கினால் ஒன்பதரை மணி. பை 5, கண்ணாடித் திரை இரண்டும் சேர்ந்து 6.5 வாட் என்றால் ஐந்து மணிக்கும் குறைவு. திரை மாறியதில் போன மணி நேரம் எவ்வளவு என்று பாருங்கள். பத்து நிமிடம் யூஎஸ்பி மீட்டரை நடுவில் மாட்டி உங்கள் அமைப்பை நீங்களே அளந்த எண்தான் இறுதி. மேலே உள்ளவை திட்டமிடத்தான்.

விமானத்தில் போகிறவர்களுக்கு: 100 வாட் மணிக்கு உட்பட்ட பேட்டரியைக் கைப்பையில் கொண்டுபோகலாம், ஏற்றும் பெட்டியில் பவர் பேங்கை வைக்கக் கூடாது. தனி 18650 வகை லித்தியம் செல்களை வாங்கி நீங்களே கட்டுவதைவிட, பிஐஎஸ் பதிவு எண் அச்சிட்ட பவர் பேங்க் வாங்குவதே உடலில் அணியும் பொருளுக்கு முறை. காரணம் வெளிப்படை: கூர்மையான எதிலாவது இடித்து லித்தியம் செல் கிழிந்தால் அது இருப்பது உங்கள் விலாவை ஒட்டி.

மைக்ரோகண்ட்ரோலர்

மைக்ரோகண்ட்ரோலர் என்பது செயலியும் நினைவகமும் ஒரே சிப்பில் அடங்கிய சிறு கணினி. பைன்டைம் கடிகாரத்தில் இருப்பது நார்டிக் நிறுவனத்தின் என்ஆர்எஃப்52832: 64 மெகாஹெர்ட்ஸ், 512 கேபி ஃபிளாஷ், 64 கேபி ரேம். பேங்கிள்.ஜேஎஸ் 2 கடிகாரத்தில் அதன் அண்ணன் என்ஆர்எஃப்52840: 1 எம்பி ஃபிளாஷ், 256 கேபி ரேம், 200 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி. இவை நாள் கணக்கிலும் வாரக் கணக்கிலும் ஓடும். எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் ஈஎஸ்பி32-எஸ்3 வேகமானது, 240 மெகாஹெர்ட்ஸில் இரண்டு மையம், வைஃபை உண்டு. ஆனால் வைஃபை அனுப்பும் கணத்தில் முந்நூறு மில்லி ஆம்பியரை ஒட்டி இழுக்கும். சிறு பேட்டரி அந்த இழுப்பில் வோல்ட் இறங்கி, போர்டு ரீசெட் ஆகும். எப்போதும் புளூடூத் போதும் என்றால் நார்டிக், இடையிடையே வைஃபை வேண்டும் என்றால் எஸ்பிரெசிஃப்.

இயங்குதளத் தேர்வு சிப்போடு ஒட்டியே வருகிறது. எஸ்பிரெசிஃப் சிப்புக்கு அதன் ஈஎஸ்பி-ஐடிஎஃப் மேம்பாட்டுத் தொகுப்பு, உள்ளே ஃப்ரீஆர்டாஸ் என்ற சிறு இயங்குதளம். நார்டிக்கின் இன்றைய மேம்பாட்டுத் தொகுப்பு செஃபிர் என்ற இயங்குதளத்தின் மீதே நிற்கிறது. ஃப்ரீஆர்டாஸ் கர்னல் சில கிலோபைட்தான், ஒரு வார இறுதியில் பிடிபடும். டிரைவர்களை நீங்கள் தேடிக்கொள்ள வேண்டும். செஃபிரில் டிரைவர்கள் குவிந்து கிடக்கின்றன. ஆனால் வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீ, தேவையான பகுதிகளைத் தேர்ந்தெடுக்கும் கேகான்ஃபிக் இரண்டும் பிடிபட ஒரு மாதம் ஆகும். பிடிபட்ட பிறகு போர்டு மாற்றுவது எளிது. நிரல் எழுதிப் பழக்கமில்லாதவர் பேங்கிள்.ஜேஎஸ்ஸின் ஜாவாஸ்கிரிப்ட் சூழலில் தொடங்கலாம், அதில் தவறில்லை.

இந்த வகையில் 'பேட்டரி ஏன் நிற்கவில்லை' என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இரண்டே பதில். ஒன்று, சோதனைக்காகத் திறந்த சீரியல் துளையை மூடாமல் விடுவது. நார்டிக் சிப்பில் அது சிப்பின் உள் கடிகாரத் துடிப்பைத் தூங்கவிடாமல் அரை மில்லி ஆம்பியர் வரை தின்னலாம். 200 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியை அதுவே பதினேழு நாளில் காலி செய்துவிடும். இரண்டு, டெவலப்மெண்ட் போர்டையே அப்படியே பெட்டியில் வைப்பது. ஈஎஸ்பி32 சிப் ஆழ்தூக்கத்தில் 10 மைக்ரோ ஆம்பியர் அளவில்தான் எடுக்கும். ஆனால் மலிவு போர்டில் உள்ள ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் தனக்கென்றே 5 மில்லி ஆம்பியர் கேட்கும். எரிந்துகொண்டே இருக்கும் சிவப்பு எல்இடி அதற்கு மேல். சிப் தூங்கினாலும் போர்டு விழித்திருக்கிறது.

தமிழ் எழுத்துக் காட்டுவது இங்கே தனி வேலை. 'கொ' என்பது நினைவகத்தில் க, அதன் பின் ஒகரக் குறி. திரையில் கொம்பு, க, கால். இந்த இடமாற்றத்தைக் கணினியில் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்தமைப்பு நூலகம் பார்த்துக்கொள்ளும். மைக்ரோகண்ட்ரோலர்களில் திரையை வரையப் பரவலாக உள்ள எல்விஜிஎல் நூலகம் இந்திய எழுத்துகளுக்கு இதைச் செய்வதில்லை. கொம்பு தப்பான பக்கத்தில் நிற்கும். எளிய வழி ஒன்று உண்டு. தமிழின் 247 எழுத்தையும் கணினியில் ஒழுங்காக வரைந்து, ஒவ்வொன்றையும் 48×24 புள்ளி ஒற்றை பிட் படமாகச் சேமியுங்கள். எழுத்துக்கு 144 பைட், மொத்தம் 36 கேபிக்குள். 1 எம்பி ஃபிளாஷில் இது ஒரு மூலை. படத்தோடு அதன் உண்மையான அகலத்தையும் ஒரு பைட்டில் வைத்தால் வரி அழகாக அமையும். யூனிகோட் சரத்தை எழுத்து எழுத்தாக வெட்டி இந்த அட்டவணையில் தேடும் நிரல் நூறு வரியைத் தாண்டாது. தேவநாகரியின் கூட்டெழுத்துகளுக்கு இப்படிச் செய்ய முடியாது. தமிழ் எழுத்தின் எண்ணிக்கை அளவானது என்பது இங்கே கைகொடுக்கிறது.

ராஸ்பெரி பை

ஜீரோ 2 டபிள்யூ 65×30 மில்லிமீட்டர். நான்கு மையம், 1 கிகாஹெர்ட்ஸ், 512 எம்பி ரேம். சும்மா இருக்கும்போது அரை வாட்டைச் சற்றுத் தாண்டும், முழு வீச்சில் இரண்டரை வாட் சுமார். குறிப்பு, அகராதி, மின்னஞ்சல் வாசிப்பு, சொந்தப் பைத்தான் நிரல்கள் எல்லாம் ஓடும். இன்றைய வலைத்தளங்களைத் திறக்கும் உலாவி ஓடாது. 512 எம்பி அதற்குப் போதாது. உலாவி வேண்டும் என்பதற்காகவே பை 4இன் 2 ஜிபி மாடலுக்குப் போகிறவர், சும்மா இருக்கும்போதே இரண்டரை வாட்டுக்கு மேல் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதை ஏற்றுக்கொண்டு போக வேண்டும்.

பை 5 அணியும் கணினிக்கு ஏற்றதல்ல என்றே சொல்வேன். அதற்கு முழு பலம் கிடைக்க 5 வோல்ட்டில் 5 ஆம்பியர் வேண்டும். பெரும்பாலான பவர் பேங்குகள் 5 வோல்ட்டில் 3 ஆம்பியரோடு நிற்கும். அப்போது போர்டு தன் நான்கு யூஎஸ்பி துளைக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்பியருக்குக் கட்டுப்படுத்திவிடும். அதன் இஇபிராம் (தொடக்க அமைப்புகளை வைத்திருக்கும் சிப்) அமைப்பில் அணைப்பு முறையை மாற்றி வைக்காவிட்டால், அணைத்த பிறகும் ஒரு வாட்டுக்கு மேல் தின்றுகொண்டிருக்கும்.

எல்லா பை போர்டுக்கும் பொதுவான குறை, அது லினக்ஸ் லேப்டாப் போலத் தூங்காது என்பது. ரேமில் நிலையை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அணைக்கும் வசதி இல்லை. ஓடும், அல்லது முழுக்க அணையும். அணைந்தால் திரும்ப எழ இருபது முப்பது நொடி. 'எடுத்தவுடன் எழுத வேண்டும்' என்பவருக்கு இது பெரிய இடர். ஜீரோவில் அரை வாட்டைக் கொடுத்து நாள் முழுக்க ஓடவிடலாம். பை 5இல் அது கட்டாது.

பையில் எந்த இயங்குதளம் என்பதற்கு மூன்று பதில். ராஸ்பெரி பை ஓஎஸ் லைட்: டிரைவர்கள் எல்லாம் வேலை செய்யும், பிரச்சினை வந்தால் தேடினால் விடை கிடைக்கும். 512 எம்பி போர்டில் 32 பிட் பதிப்பைப் போடுங்கள். 64 பிட்டைவிட ரேம் குறைவாகப் பிடிக்கும். ஆல்பைன்: ரேமிலேயே ஓடும் முறை உண்டு, மாற்றங்களை 'எல்பியூ' கட்டளையில் நீங்கள் சொல்லும்போது மட்டும் கார்டில் எழுதும், உடலில் அணியும் கருவிக்கே வடிவமைத்தது போல இருக்கும். ஆனால் அது மஸ்ல் என்ற சி நூலகத்தின் மீது நிற்கிறது. மற்ற லினக்ஸ்களில் வழக்கமான கிளிப்சி நூலகத்துக்காகக் கட்டிய மூடிய மென்பொருள்கள் ஓடாது. பில்ட்ரூட்: எல்லாம் முடிவான பிறகு. தேவையானதை மட்டும் வைத்துக் கட்டினால் பத்து நொடிக்குள் எழச் செய்யலாம். பேக்கேஜ் நிறுவி கிடையாது, ஒவ்வொரு மாற்றத்துக்கும் இமேஜைத் திரும்பக் கட்ட வேண்டும். பழகும் காலத்தில் பில்ட்ரூட் எடுத்தவர்கள் பாதியில் விட்டுவிடுவதே வழக்கம். லைட்டில் தொடங்குங்கள்.

தொடங்கும்போதே செய்ய வேண்டியது ஒன்று: கார்டைக் காப்பாற்றுவது. நடையில் கேபிள் கழன்று திடீரென மின்சாரம் போகும். வாரத்துக்கு இரண்டு முறையாவது நடக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எஸ்டி கார்டு எழுதிக்கொண்டிருக்கும்போது அப்படி நடந்தால், எழுதாத பகுதிகூடக் கெடலாம். கார்டின் உள் கட்டுப்படுத்தி பிளாக்குகளை இடம்மாற்றிக்கொண்டே இருப்பதுதான் காரணம். ராஸ்பி-கான்ஃபிக் என்ற அமைப்புக் கருவியில் ஓவர்லே கோப்பு முறையை இயக்கினால் ரூட் பகுதியில் (இயங்குதளம் இருக்கும் பகுதி) எதுவும் எழுதப்படாது. இதில் சிக்கியவர்கள் நிறைய: ஓவர்லே போட்ட பிறகு நாள் முழுக்க எடுத்த குறிப்புகளும் மறுதொடக்கத்தில் காணாமல் போகும். ஆகவே குறிப்புக்குத் தனிப் பகுதி வேண்டும்.

செய்முறை இது. இமேஜை 32 ஜிபி கார்டில் எழுதி ஒரு முறை பூட் செய்யுங்கள். ரூட் பகுதி கார்டு முழுக்க விரியும். அணைத்து, கார்டைக் கழற்றி, லினக்ஸ் கணினியில் ஜிபார்ட்டெட் கொண்டு ரூட்டை 8 ஜிபிக்குச் சுருக்குங்கள். மிச்சத்தில் எக்ஸ்ட்4 பகுதி ஒன்றை உருவாக்குங்கள். அதை எஃப்ஸ்டேப் என்ற பகுதிப் பட்டியல் கோப்பில் 'நோஏடைம்', 'நோஃபெயில்' என்ற இரண்டு சொற்களோடு சேர்த்து, எழுதும் நிரல் ஒவ்வொரு பத்திக்குப் பிறகும் 'எஃப்சிங்க்' (உடனே கார்டில் எழுதச் சொல்வது) அழைக்கும்படி செய்யுங்கள். எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்று உறுதியான பிறகே ஓவர்லேயை இயக்க வேண்டும். புதுப்பிப்பு போடும் நாளில் ஓவர்லேயை அணைத்து, மறுதொடக்கம் செய்து, போட்டு, திரும்ப இயக்க வேண்டும்.

அந்தப் பகுதியைக் குறியாக்கம் செய்வதையும் தள்ளிப்போடாதீர்கள். பேருந்தில் விட்டுவந்தால் அதில் இருப்பது உங்கள் முழு நாட்குறிப்பு. பை 5க்கு முந்தைய போர்டுகளில் ஏஇஎஸ் என்ற வழக்கமான குறியாக்கத்துக்கு வன்பொருள் உதவி கிடையாது. லினக்ஸின் வட்டுக் குறியாக்கமான லக்ஸில் 'அடியான்டம்' முறையைத் தேர்ந்தால் வேகம் கணிசமாகக் கூடும்.

பை 4இலும் ஜீரோவிலும் நிகழ்நேரக் கடிகாரம் இல்லை. இணையம் இல்லாத இடத்தில் எழுந்தால் தேதி பழையதாக இருக்கும், குறிப்புகளின் வரிசை குலையும். டிஎஸ்3231 தொகுதி ஒன்றைச் சேருங்கள். 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) துல்லியம், வருடத்துக்கு ஒரு நிமிடம் பிசகும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் நீலத் தொகுதியில் சார்ஜ் செய்யும் சுற்று ஒன்று இருக்கும். அதில் சாதாரண சிஆர்2032 செல்லைப் போட்டு 5 வோல்ட் கொடுத்தால், சார்ஜ் ஏற்றக் கூடாத செல்லுக்கு அது சார்ஜ் ஏற்றும், செல் உப்பும். 3.3 வோல்ட்டில் இணையுங்கள், அல்லது அந்த டயோடையோ ரெசிஸ்டரையோ கழற்றிவிடுங்கள்.

பழைய போன்

சொந்தமாகக் கட்டும் ஆசை இல்லை, பயன்தான் வேண்டும் என்பவருக்கு இதுவே சரியான விடை. போன் சிப்புகளுக்குத் தூங்கத் தெரியும். திரை அணைந்தால் மில்லிவாட் கணக்குக்கு இறங்கி, ஒரு தொடுதலில் எழும். பேட்டரி, சார்ஜர், கடிகாரம், ஜிபிஎஸ், சிம், குறியாக்கம் எல்லாம் உள்ளே. தமிழும் ஒழுங்காகத் தெரியும். சாம்சங் எஸ் வரிசையில் 2017இன் எஸ்8 முதல் டெக்ஸ் (வெளித் திரையில் போனைக் கணினி போல ஓட்டுவது) வசதி உண்டு. கண்ணாடித் திரையை நேரே மாட்டலாம். பெரும்பாலான நடுத்தர விலைப் போன்களில் யூஎஸ்பி-சி துளை இருந்தாலும் உள்ளே யூஎஸ்பி 2.0தான், படம் வராது. வாங்கும் முன் அந்த ஒன்றை மட்டும் கட்டாயம் பாருங்கள்.

ஆண்ட்ராய்டோடு மல்லுக்கட்டும் இடம் பின்னணி வேலை. டெர்மக்ஸ் என்ற லினக்ஸ் முனைய ஆப்பில் நீண்ட நேரம் ஓடும் நிரல் வைத்திருந்தால், ஆண்ட்ராய்டு 12 முதல் துணைச் செயல்முறைகள் 32ஐத் தாண்டும்போது அமைப்பே வெட்டிவிடும். ஆண்ட்ராய்டு 14இல் டெவலப்பர் அமைப்புகளில் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கும் தேர்வு வந்துவிட்டது. 12இலும் 13இலும் ஏடிபி என்ற கட்டளைக் கருவி வழியே செய்ய வேண்டும். பேட்டரிச் சிக்கனத்திலிருந்து டெர்மக்ஸுக்கு விலக்குக் கொடுத்து, அதன் அறிவிப்பில் உள்ள வேக்-லாக்கை அழுத்தி வையுங்கள். கண்ணாடியை மாட்டினால் சார்ஜ் துளை போய்விடும். மின்சாரத்தையும் கடத்தும் ஹப் தேவை. நாள் முழுக்க 100 சதவீதத்தில், சூட்டில் நிற்கும் பேட்டரி விரைவில் உப்பலாம். 80, 85 சதவீதத்தில் நிறுத்தும் அமைப்பு இருந்தால் இயக்குங்கள்.

போனிலேயே முழு லினக்ஸ் வேண்டும் என்றால் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் இருக்கிறது. ஒன்பிளஸ் 6 அதில் நன்றாக ஓடும் போன்களில் ஒன்று. ஆனால் அதன் துளை யூஎஸ்பி 2.0, கண்ணாடித் திரைக்கு ஆகாது. போன் திரையையே முன்கையில் பார்ப்பவருக்கு மட்டும்.

எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகைச் செயலிகள்) பக்கம் போகக் காரணம் ஒன்றுதான்: விட முடியாத விண்டோஸ் மென்பொருள். என்100 போன்ற சிப்பே 6 வாட் வகை; பெட்டி பெரிதாகும், விசிறி வரும்.

இரண்டையும் சேர்ப்பது

கட்டத் தெரிந்தவருக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுதான். என்ஆர்எஃப்52840 எப்போதும் விழித்திருக்கட்டும்; மெமரி எல்சிடியும் விசைப்பலகையும் அதனிடம். ஜீரோ 2 டபிள்யூ தேவைப்படும்போது மட்டும் லோடு சுவிட்ச் (மின்சாரத்தைத் திறந்து மூடும் சிப்) வழியே மின்சாரம் பெறட்டும். எழுதத் தொடங்கியதும் எழுத்துகள் மைக்ரோகண்ட்ரோலரின் ரேமில் சேரும், பை எழுந்ததும் சீரியல் வழியே வாங்கிக்கொள்ளும். யூனிகோடில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். ஒரு சொல்லுக்குச் சராசரி 30 பைட் என்று வைத்தால் 64 கேபியில் இரண்டாயிரம் சொல் நிற்கும். இருபது நொடிக் காத்திருப்பு பயனரின் கண்ணிலேயே படாது. இரு பக்கமும் 3.3 வோல்ட் என்பதால் நேரடியாக இணைக்கலாம்.

அணைக்கும்போது இத்தனை நொடி கழித்து வெட்டு என்று கண்மூடி எழுதாதீர்கள். பையில் 'ஜிபிஐஓ-பவர்ஆஃப்' என்ற வன்பொருள் அமைப்பைப் போட்டால் (இது மேலே சொன்ன கோப்பு முறை ஓவர்லே அல்ல) முழுக்க அணைந்த பிறகு ஜிபிஐஓ என்ற பொது முனைகளில் ஒன்றின் நிலையை மாற்றும், இயல்பில் அது ஜிபிஐஓ 26. அந்த முனை மாறிய பிறகே மைக்ரோகண்ட்ரோலர் மின்சாரத்தை வெட்ட வேண்டும். இரட்டை அமைப்பு வேண்டாம், பை மட்டும் போதும் என்பவர் ஜிபிஐஓ 3ஐயும் பக்கத்தில் உள்ள கிரவுண்டையும் ஒரு பட்டனில் இணைத்து 'ஜிபிஐஓ-ஷட்டவுன்' போடலாம். அதே பட்டன் எழுப்பவும் செய்யும். ஆனால் ஜிபிஐஓ 3, சிப்புகளை இரண்டு கம்பியில் பேசவைக்கும் ஐ2சி இணைப்பின் கடிகாரக் கம்பியும்கூட. டிஎஸ்3231ஐ அதே ஐ2சியில் மாட்டியிருந்தால் இரண்டும் மோதும். கடிகாரத்தை வேறு முனைகளில் மென்பொருள் ஐ2சியாக மாற்றிவிடுங்கள்.

கம்பியும் சூடும்

இத்தனையும் சரியாக இருந்தும் கணினி காரணமில்லாமல் விழுந்து எழுந்தால் கேபிளைப் பாருங்கள். அமெரிக்க கேஜ் கணக்கில் 28 கம்பி ஒரு மீட்டர் நீளம், போக வர 0.43 ஓம். 1.5 ஆம்பியர் ஓடினால் 0.64 வோல்ட் வழியிலேயே போகும். 5.1 வோல்ட் கொடுத்தாலும் போர்டுக்கு வருவது 4.46. பை 4இன் எச்சரிக்கை எல்லை 4.63. அதே நீளத்தில் 20 கேஜ் கம்பி என்றால் இழப்பு 0.1 வோல்ட்தான். ஜீரோ வரிசையில் இந்தக் குறைவோல்ட் எச்சரிக்கையே கிடையாது. மின்னல் குறி வராது, பதிவேட்டில் எதுவும் இருக்காது. வைஃபை மட்டும் விட்டுவிட்டு வரும். கேபிளை 30 சென்டிமீட்டருக்குள் வையுங்கள், வளைந்த முனை உள்ளதை வாங்குங்கள், பெட்டியின் வாயில் ஒரு கட்டு போட்டு இழுப்பை இணைப்பான் மேல் விழாமல் தடுங்கள்.

மைக்ரோகண்ட்ரோலருக்குப் பவர் பேங்க் வைத்தவர்கள் இதன் மறுபக்கத்தைப் பார்ப்பார்கள்: சுமை சில பத்து மில்லி ஆம்பியர்தான் என்றால், போன் சார்ஜ் ஆகிவிட்டது என்று நினைத்து பவர் பேங்க் தானே அணைந்துவிடும். குறைசுமை முறை உள்ளதைத் தேடுங்கள். அல்லது மைக்ரோகண்ட்ரோலருக்குத் தனிச் சிறு பேட்டரி கொடுங்கள்.

பை 80 டிகிரி வரை வேகத்தைக் குறைக்காமல் ஓடும். அந்த எண் உங்கள் தோலுக்குப் பொருந்தாது. உலோகப் பரப்பு மணிக்கணக்கில் உடலை ஒட்டியிருக்கும்போது 43 டிகிரியைத் தாண்டினால் தீக்காயம் வரும் அபாயம் உண்டு. வலி தெரியாமலே வரும். சென்னை வைகாசி வெயிலில் காற்றே 40 டிகிரியைத் தொடும்போது மிச்சம் மூன்று டிகிரிதான். பெட்டியின் உடல் பக்கம் 5 மில்லிமீட்டர் கார்க்கோ ஃபோமோ, வெளிப்பக்கம் அலுமினியத் தகடு, செயலியிலிருந்து தகட்டுக்கு வெப்பத் திண்டு. வியர்வை உப்பு முனைகளைப் பச்சையாக அரிக்கும். ஹெடர் முனைகளை விட்டுவிட்டுக் கம்பிகளை நேரே சாலிடர் செய்து, துளைகளையும் பட்டன்களையும் டேப்பால் மறைத்து, கன்ஃபார்மல் பூச்சு (ஈரம் புகாமல் காக்கும் மெல்லிய பூச்சு) இரண்டு கை அடியுங்கள். எஸ்டி கார்டு துளைக்குள் பூச்சு போனால் போர்டு போயிற்று.

மூடியைத் திருகும் முன் மேசையில் இரண்டு சோதனை. எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரத்தைப் பிடுங்குங்கள், இருபது முறை. ஒவ்வொரு முறையும் கடைசிப் பத்தி இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு நான்கு மையமும் ஓடும்படி அரை மணி நேரம் சுமை கொடுத்து, பெட்டியை மடித்த துணிக்குள் வைத்து, உடல் பக்கத்தில் ஒரு வெப்பமானியை ஒட்டி அளங்கள். 43ஐத் தொட்டால் மையங்களின் எண்ணிக்கையை இரண்டாகக் குறைத்து மறுபடி அளங்கள்.